கப்பல்காரர் கொண்டுவந்த டர்போ

பழைய டி-ஷர்ட் ஒன்றில் சுற்றியிருந்ததை ராஜ்மோகன் பிரித்து பெஞ்சின் மேல் வைத்தான். அதைத் தொடுவதற்கு முன்பே இளவரசிக்குத் தெரிந்துவிட்டது, இந்த டர்போ அவன் காருக்கு ஆகாது என்று.

பாகூரிலிருந்து கிருமாம்பாக்கம் போகிற சாலையில், அப்பாவின் கரும்புக் கொல்லை ஓரத்தில் தகரக் கொட்டகை போட்டு அவள் ஒர்க்ஷாப் நடத்த ஆரம்பித்து நான்கு வருடம் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருடம் திருபுவனையில் டர்போ உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. சுழலும் சக்கரத்தில் ஒரு குன்றிமணி எடை கூடுதலாக இருந்தாலும் கண்டுபிடித்து, அந்த இடத்தில் துளி சுரண்டி எடைசமன் செய்வதுதான் அங்கே அவளுக்குத் தொழில். ஷிப்டுக்கு ஆயிரம் சக்கரம் அவள் கைவழியே போகும். ஆனால் ஒன்றுகூட எஞ்சினில் பூட்டி ஓடியதைப் பார்த்ததில்லை. அந்த ஏக்கம்தான் அவளை வேலையை விட வைத்தது. கணவன் தமிழ்க்குமரன் இன்னும் திருபுவனை தொழிற்பேட்டையில்தான் ஷிப்ட் போகிறான். "நீ பூட்டு, நான் பாத்துக்கறேன்" என்று அவன் சொன்ன ஒரு வார்த்தையில் எழுந்த கொட்டகை இது.

"இன்னாக்கா, எப்டி?" என்றான் ராஜ்மோகன். பாகூர்க்காரன். அப்பா சாமிநாதனுக்கு நெல்லும் கரும்புமாக நிலம் உண்டு. இவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் பிரிவில் வேலை பார்க்கிறான். பத்து மாதம் கடல், இரண்டு மாதம் வீடு. கையோடு ஒரு கேம்ஷாஃப்ட்டும் கொண்டுவந்திருந்தான்.

"இது பெரிய படகுக்குத் தாங்கும்பா" என்றார் மணிமாறன். பிள்ளைச்சாவடியில் படகு டீசல் எஞ்சின்களோடு இருபது வருடம் மல்லுக்கட்டியவர். இளவரசியிடம் வேலைக்கு வந்த பிறகும் எந்த எஞ்சினையும் படகோடு ஒப்பிட்டுத்தான் பேசுவார்.

"நானூறு குதிரை சக்தி வேணும்ணே. புதுச்சேரியில எவன்கிட்டயும் இல்லாத வண்டியா இருக்கணும்."

வண்டி வெளியே நின்றது. இரண்டு லிட்டர் பெட்ரோல் செடான், வெள்ளை நிறம். பத்து வருடப் பழசு என்றாலும் கீறல் இல்லை.

இளவரசி டர்போவின் மேப்பை லேப்டாப்பில் விரித்தாள். மலைக்கு வரைபடம் போட்டது போல வளையம் வளையமாகக் கோடுகள். எவ்வளவு காற்று, எவ்வளவு அழுத்தம், எந்த வேகத்தில் என்று அது சொல்லும். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்ற, அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற சக்கரம் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும். அதுதான் டர்போ. சக்கரம் பெரிதானால் தள்ளுகிற காற்றும் பெரிது. ஆனால் அதைச் சுற்றிவிடப் புகையும் அந்த அளவுக்கு வேண்டும்.

"தம்பி, இது நாலாயிரத்தி எண்ணூறு ஆர்.பி.எம். தாண்டினாத்தான் முழிக்கும். நம்ம கடலூர் ரோட்டுல நீங்க ரெண்டாயிரத்தி ஐந்நூறு, மூவாயிரத்துலதான் ஓட்டுவீங்க. பத்து எச்.பி. மோட்டார எறக்கிட்டு ஊத்து இல்லாத போர்ல தண்ணி வரலன்னு நிக்கிற கதை."

"முழிச்சா எப்டி இருக்கும்?"

எப்படி இருக்கும் என்று அவளுக்கும் பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. இவ்வளவு பெரிய டர்போவை இந்தப் பக்கத்தில் யாரும் பூட்டியதில்லை. ராஜ்மோகன் வீடியோ எடுத்துப் போடுவான். கொட்டகையின் பெயர் நாலு பேருக்குத் தெரியும். மேப்பைப் பார்த்துத் தானே சொன்னதை அவள் மறந்துவிடவில்லை. தெரிந்தே சரி என்றாள்.

மூன்று வாரம் வேலை நடந்தது. பெரிய இன்ஜெக்டர், புதிய பெட்ரோல் பம்ப், டர்போவுக்குத் தனியாக வளைத்த குழாய். அவன் கொண்டுவந்த கேம்ஷாஃப்ட்டையும் பூட்டினார்கள். வால்வுகள் எப்போது திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்று எஞ்சினுக்குச் சொல்கிற தண்டு அது. அவன் தண்டில் மேடுகள் உயரம், அகலம் இரண்டும் அதிகம். ஸ்டார்ட் செய்ததும் வண்டி நின்ற இடத்திலேயே தடதடவென்று ஆடியது. ராஜ்மோகன் கைதட்டினான்.

செவ்வாய்க்கிழமை காலையில் டெஸ்ட். இரவு பெய்த மழையில் சாலை கறுத்து ஈரமாகக் கிடந்தது. ராஜ்மோகன் ஓட்ட, இளவரசி பக்கத்தில் லேப்டாப்பை மடியில் வைத்து உட்கார்ந்தாள். இரண்டு கிலோமீட்டர் வரை வண்டியில் உயிரே இல்லை. மிதித்தால் உறுமியது, ஓடவில்லை.

முன்னால் ஒரு டிராக்டர், பின்னால் டிரெய்லர் நிறையக் கரும்பு. ராஜ்மோகன் வலது பக்கம் ஒதுங்கி மிதித்தான். வண்டி நகர்ந்தது, ஆனால் வேகம் ஏறவில்லை. எதிரே, வளைவில், ஒரு பஸ்ஸின் முகம் தெரிந்தது.

"விடுங்க, பின்னால வாங்க!" என்றாள்.

அவன் இன்னும் அழுத்தினான். முள் நாலாயிரத்து ஐந்நூறைத் தாண்டியது. காதுக்குள் விசில் ஒன்று ஏறியது. அடுத்த நொடி முதுகில் யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது. முன்சக்கரங்கள் ஈரத்தில் வழுக்கிச் சுழன்றன. ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பவில்லை. ராஜ்மோகன் பதறிக் காலை எடுத்தான். அந்த க்ஷணத்தில் டயர் தரையைப் பிடிக்க, வண்டி வெடுக்கென்று இடப்பக்கம் பாய்ந்து, டிராக்டரின் மூக்கை உரசாமல் முன்னே போய், சாலை ஓரச் சேற்றில் இறங்கி நின்றது. பஸ் ஹாரனை விடாமல் அடித்தபடி கடந்து போனது.

சேற்றில் அவர்கள் மட்டும் இல்லை. டிராக்டருக்கு முன்னால் ஓரமாகப் போன மொபெட் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் மீன்பெட்டி திறந்து, சங்கராவும் கெளுத்தியும் வரப்பு வரைக்கும் சிதறியிருந்தன. மொபெட்காரி, ஐம்பது வயது இருக்கும், முழங்கையைப் பிடித்தபடி எழுந்து உட்கார்ந்தாள்.

"பாவிங்களா! ரோடு இன்னா உங்க அப்பன் வூட்டுதா? ஒரு ஜாண்... ஒரு ஜாண் இந்தாண்ட வந்திருந்தா எம் பொணத்தத்தான எடுத்திருப்பாங்க!"

இளவரசி இறங்கிப் போய் அவளைத் தூக்கினாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது, வேறு அடி இல்லை. பெயர் பவுனம்மாள் என்றாள். கேட்காமலே சொன்னாள், போலீசில் சொல்லுவேன் என்கிற தோரணையில். இளவரசி ஒவ்வொரு மீனாகப் பொறுக்கி, சாலையோர வாய்க்காலில் கழுவிப் பெட்டியில் வைத்தாள். இரண்டு மீன் மறுபடி நழுவித் தண்ணீரில் விழுந்தன. "அக்கா, என் தப்புதான்" என்று அவள் சொன்னபோது பவுனம்மாள் அவளையும், வண்டி ஓட்டி வந்தவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஓட்டுனவன் அவன். உந்தப்பு எப்டி?"

இளவரசி பெட்டியை மூடி, மொபெட்டை நிமிர்த்தி நிறுத்தினாள்.

பவுனம்மாள் போன பிறகு ராஜ்மோகன் காரின் மேல் சாய்ந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கண்ணில் ஒரு மினுக்கம்.

"பவர பாத்தீங்களாக்கா? ப்பா! ரோடு காஞ்சதும் இன்னொருவாட்டி பாக்கணும்."

இளவரசிக்கு அந்த விபத்தைவிட இதுதான் அதிகம் பயமாக இருந்தது.

மறுநாள் காலையில் கொட்டகை வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஒரு பெண் வந்தாள். ராஜ்மோகனின் மனைவி, அர்ச்சனா. கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகமும் பேனாவும் வைத்திருந்தாள்.

"அக்கா, அவரு ஞாயித்துக்கிழம கெளம்பறாரு. அதுக்குள்ள அந்த வண்டிய எப்டி ஓட்டறதுன்னு எனக்குச் சொல்லிக் குடுங்க. எப்ப இழுக்கும், எப்ப இழுக்காதுன்னு ஒரு கணக்கு இருக்கும்ல? எழுதிக்கறேன்."

"நீங்க எதுக்கு?"

"நாந்தான ஓட்டறேன்?" அர்ச்சனாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "மாமாவுக்கு, அவரோட அப்பாவுக்கு, கிட்னி போயி ஒண்ணர வருஷம் ஆவுது. வாரத்துல மூணு நாளு டயாலிசிஸ். காலைல அஞ்சு மணிக்கு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும், பத்து பத்தரைக்குத் திரும்ப இட்டாரணும். வரும்போது அவருக்குத் தலையே நிக்காது. பின்னாடி சீட்ல படுக்க வச்சி இட்டாருவேன்."

இளவரசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று வாரத்தில் ராஜ்மோகனிடம் அவள் எத்தனையோ கேட்டிருந்தாள். எவ்வளவு குதிரை, என்ன பெட்ரோல், என்ன டயர், எந்த ரோடு. மீதிப் பத்து மாதம் இந்த வண்டி யார் கையில் இருக்கும் என்று மட்டும் கேட்கவே இல்லை.

"நேத்து நடந்தத அவரு சொன்னாரா?"

"வண்டி சேத்துல எறங்கிடுச்சின்னாரு. மழைன்னாரு."

இளவரசி நடந்ததை நடந்தபடி சொன்னாள். பஸ், மொபெட், ஒரு ஜாண் எல்லாமே. அர்ச்சனா நோட்டுப் புத்தகத்தை மூடினாள். போனை எடுத்துப் புருஷனை வரச் சொன்னாள்.

வந்ததும் ராஜ்மோகன் கோபப்பட்டது இளவரசியிடம்தான்.

"நான் வண்டி குடுத்தது உங்ககிட்ட. வூட்டு விஷயத்தப் பேசச் சொல்லிக் குடுக்கல. சாவியக் குடுங்க."

"இந்த டர்போவோட தரமாட்டேன் தம்பி."

"இன்னா தரமாட்டீங்க? என் வண்டி. டோ பண்ணி வேற எடத்துல விட்டா ரெண்டே நாள்ல டியூன் பண்ணிக் குடுப்பான். அப்புறம் நீங்க இன்னா வேல செஞ்சீங்கன்னு நாலு குரூப்புல போடுவேன்."

"போடுங்க. நான் பூட்டினது தப்புன்னும் சேத்துப் போடுங்க. பூட்டறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்."

மணிமாறன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார். அப்போது அர்ச்சனா சொன்னாள், "சாவிய எங்கிட்ட குடுங்கக்கா. நான் ஓட்டிப் பாக்கறேன். இவரு பக்கத்துல ஒக்காரட்டும்."

கொட்டகைக்குப் பின்னால் கால் கிலோமீட்டரில் ஒரு மனைப்பிரிவு இருந்தது. வீடு ஒன்றும் எழும்பவில்லை, தார் போட்ட தெருக்களும் நட்ட கற்களும்தான். மாடுகூட இல்லை என்று மணிமாறன் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இளவரசி லேப்டாப்பைச் சொருகி டர்போவின் அழுத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தாள். சாலை காய்ந்திருந்தது.

"வேணாம்" என்றான் ராஜ்மோகன், வண்டிக்குள் உட்கார்ந்த பிறகு. "அவளுக்கு இன்னும் பழகல."

"ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் யாரு பழக்குவா?" என்றாள் அர்ச்சனா. சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

இளவரசி தெருமுனையில் நின்று பார்த்தாள். வண்டி மெல்லப் புறப்பட்டது. இரண்டாவது கியர். மிதிப்பது சத்தத்தில் தெரிந்தது, வேகத்தில் தெரியவில்லை. ஓடாத வண்டியை எல்லோரும் என்ன செய்வார்களோ அதையேதான் அர்ச்சனாவும் செய்தாள். இன்னும் அழுத்தினாள். விசில் கேட்டது. வண்டியின் மூக்கு தூக்கிக்கொண்டது. "காலை எடு! காலை எடு!" என்று ராஜ்மோகன் கத்தியது மூடிய கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. தெரு முடிகிற இடத்தில் பிரேக் கிறீச்சிட்டு, ஒரு மனைக்கல்லைச் சாய்த்து, வண்டி புல்லில் நின்றது.

இளவரசி ஓடினாள். அவள் போய்ச் சேர்வதற்குள் அர்ச்சனா இறங்கிவிட்டாள். அழவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, ராஜ்மோகன் பக்கத்துக் கதவைத் திறந்து, சாவியை அவன் மடியில் வைத்தாள்.

"உங்க அப்பாவ நீங்களே கூட்டிட்டுப் போங்க."

அவன் ரொம்ப நேரம் இறங்கவே இல்லை. இறங்கியபோது குரல் தாழ்ந்திருந்தது.

"இன்னா பண்ணணும்க்கா?"

"சின்ன டர்போ. எது வேணும்னு எனக்குத் தெரியும். கோயம்புத்தூர்ல இருக்குது, ஃபோன் பண்ணா நாளைக்கு பஸ்ஸுல வந்துடும். ரெண்டாயிரத்தி எண்ணூறுலயே முழிக்கும். நானூறு குதிரை வராது."

"கேம்ஷாஃப்டாவது என்னுது இருக்கட்டும்."

"இருக்க முடியாது." அவள் குரல் உயர்ந்தது அவளுக்கே தெரிந்தது. கொஞ்சம் நிறுத்தி, தாழ்த்திச் சொன்னாள். "காத்து உள்ள வர்ற வால்வும் புகை வெளிய போற வால்வும் கொஞ்ச நேரம் ஒண்ணாத் தெறந்திருக்கும். உங்க தண்டுல அது ரொம்ப நேரம். சின்ன டர்போ புகையோட வழியில அடைச்சிக்கினு நிக்கும். அப்ப போவ வேண்டிய புகை திரும்பி உள்ளயே வரும். எஞ்சின் சூடேறும், இழுக்காது. ரெண்டும் ஜோடி. ஒண்ண மாத்தினா இன்னொண்ணயும் மாத்தித்தான் ஆவணும்."

வியாழக்கிழமை பார்சல் வந்தது. கேம்ஷாஃப்ட்டில்தான் சிக்கல். வண்டியோடு வந்த பழைய தண்டு ஷெல்ஃபில் இருந்தது. அதைப் போட்டால் கீழே நன்றாக இழுக்கும், ஐயாயிரத்துக்கு மேல் மூச்சடைத்துவிடும். ராஜ்மோகன் முகத்தில் முழிக்க முடியாது. இரண்டுக்கும் நடுவில் ஒன்று அவளிடம் இருந்தது. பழைய தண்டைவிட வால்வைக் கொஞ்சம் கூடுதல் நேரம் திறந்து வைக்கும், ஆனால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கிற நேரம் ராஜ்மோகனின் தண்டைவிடக் குறைவு. வேறொரு வண்டிக்காக வாங்கி வைத்தது. தாளில் பொருந்தியது. எஞ்சினுக்குள் பொருந்துமா என்று தாள் சொல்லாது. ராஜ்மோகனின் தண்டுக்கு முன்பு அளந்தது இதற்குச் செல்லாது, ஒவ்வொரு தண்டும் வால்வைத் திறக்கிற நேரம் வேறு. இந்த எஞ்சினின் ஹெட்டை, வால்வுகள் உட்கார்ந்திருக்கிற மேல்மூடியை, முன்பே யாரோ சீவியிருந்தார்கள், அதனால் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் இடம் குறைந்திருந்தது. ஓடும்போது இரண்டும் மோதினால் எஞ்சின் அந்த இடத்திலேயே முடிந்தது.

வெள்ளிக்கிழமை பிஸ்டனின் தலையில் களிமண்ணைத் தட்டி ஒட்டி, ஹெட்டை ஏற்றி முடுக்கி, மணிமாறன் நீளக் கைப்பிடி போட்டு எஞ்சினைக் கையால் திருப்பினார். ராஜ்மோகன் வாசலில் நின்றான். சுற்று பாதியில் இருந்தபோது அவர் கை நின்றது.

"கனமா இருக்குது."

"மோதுதா?"

"தெரியல. வால்வு ஸ்பிரிங்கா இருக்கும்."

"பலவந்தம் பண்ணாதீங்க. மெதுவா."

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பினார். கடைசியில் சுற்று முழுதாக வந்தது. ஹெட்டை மறுபடி கழற்றி, களிமண்ணை பிளேடால் வெட்டி, வால்வு அமுக்கிய இடத்தில் எவ்வளவு மிச்சம் என்று அளந்தாள். காற்று வருகிற பக்கம் இரண்டு புள்ளி ஆறு மில்லிமீட்டர். புகை போகிற பக்கம் இரண்டு. அங்கே இரண்டரையாவது வேண்டும். சூடேறினால் அந்த வால்வு நீளும்.

"அரை மில்லிதானக்கா" என்றான் ராஜ்மோகன்.

"ஒரு ஜாண்தான் அன்னிக்கும்."

தண்டின் பல்சக்கரத்தில் திருகைத் தளர்த்தி, தண்டை சில டிகிரி முன்னால் நகர்த்தினாள். புகை வால்வு சீக்கிரம் மூடி விலகும், காற்று வால்வு கொஞ்சம் கிட்டே வரும். அந்தப் பக்கம் கொடுக்க இடம் இருந்தது. மறுபடி களிமண், மறுபடி ஹெட், மறுபடி மணிமாறனின் கை. இந்த முறை காற்றுப் பக்கம் இரண்டேகால், புகைப் பக்கம் இரண்டரை. அவள் எழுந்தபோது இடுப்பு விட்டுப்போயிருந்தது.

சனிக்கிழமை மதியம் ராஜ்மோகன் ஓட்டிப் பார்த்தான். வண்டி ஆடாமல் நின்றது, மிதித்தபோது மிதித்த அளவுக்குப் போனது. லேப்டாப் கணக்குப்படி இருநூற்று எண்பது குதிரைக்குப் பக்கம். அவன் நல்லதென்றும் சொல்லவில்லை, கெட்டதென்றும் சொல்லவில்லை. தன் டர்போவையும் கேம்ஷாஃப்ட்டையும் டி-ஷர்ட்டில் சுற்றி எடுத்துக்கொண்டான். வாசல் வரை போய்த் திரும்பி, "வீடியோ போடலக்கா" என்றான். பெருமைக்கு எடுத்ததையா, அவளைத் திட்டிப் போடுவேன் என்றதையா, எந்த வீடியோவைச் சொன்னான் என்று அவளுக்குப் புரியவில்லை. மறுநாள் கப்பலுக்குக் கிளம்பிப் போனான்.

திங்கள் விடிகாலையில் இளவரசி பாகூரில் அவர்கள் வீட்டு முன்னால் காத்திருந்தாள். லேப்டாப்போடு நானும் ஒரு தடவை வருகிறேன் என்று அவளே கேட்டிருந்தாள். உண்மையில் அவளுக்குத் தூக்கம் வரவில்லை. சாமிநாதனை மெல்லப் பின்சீட்டில் உட்கார வைத்து அர்ச்சனா வண்டியை எடுத்தாள். கிருமாம்பாக்கம் தாண்டியதும் முன்னால் ஒரு கரும்பு டிராக்டர். அர்ச்சனாவின் தோள் இறுகியது. இளவரசியின் கை கதவுப் பிடியைத் தேடிப் போனது.

எதிரே சாலை காலி. அர்ச்சனா மிதித்தாள். வண்டி உடனே பதில் சொல்லி, டிராக்டரைத் தாண்டி, தன் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அவ்வளவுதான். கொஞ்ச தூரம் போன பிறகு அர்ச்சனா கண்ணாடியில் பின்னால் பார்த்தாள்.

"மாமா தூங்கிட்டாரு."

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோதுதான் சாமிநாதன் கண் திறந்தார். "இன்னா, அதுக்குள்ள வந்துட்டமா?" என்றார். அர்ச்சனா இறங்கிப் போய் அவருக்குத் தோள் கொடுத்தாள்.

இப்போதெல்லாம் கொட்டகைக்கு எந்த வண்டி வந்தாலும் இளவரசி முதலில் கேட்பது, இதை யார் யார் ஓட்டுவீர்கள் என்றுதான். போன வாரம் இந்தக் கேள்விக்கு ஒருவன் கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். நல்ல வேலை போச்சே என்று மணிமாறன் அன்று முழுக்க முனகிக்கொண்டிருந்தார்.